படகின் எடைக் கணக்கு யார் கையில்? குமரி மாவட்ட இரும்புப் பட்டறைக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம், குளச்சல் என்று எங்கெங்கும் இரும்புப் பட்டறை நடத்துகிற பெரியவர்களுக்கும், அங்கே வெல்டிங் வேலை பார்க்கிற தம்பிமாருக்கும் சுசீந்திரத்திலிருந்து எழுதுகிறேன்.

கேட், கிரில், மாடிப்படி, கல்யாண மண்டபத்து ஷெட், லாரி பாடி என்று இந்த மாவட்டத்தில் இரும்பில் ஆகிற வேலை எல்லாம் உங்கள் கையால் ஆகிறது. அடுத்து உங்கள் வாசலுக்கு வரக்கூடிய ஒரு வேலையைப் பற்றியது இந்த மடல்: கால்வாயிலும் காயலிலும் ஓடுகிற எஃகுப் படகு. நம் ஏ.வி.எம். கால்வாய் 2016-ஆம் ஆண்டின் தேசிய நீர்வழிகள் சட்டத்தில் 13-ஆம் எண் நீர்வழியாக இடம்பெற்றிருக்கிறது. எல்லைக்கு அந்தப் பக்கம் பூவாற்றில் சுற்றுலாப் படகுகள் நாள்தோறும் ஓடுகின்றன. கோவளத்திலிருந்து பேக்கல் வரை ஒரே நீர்வழியாக இணைக்கும் வேலையில் கேரளம் இறங்கியிருக்கிறது. இந்தப் பக்கமும் கால்வாயைத் தூர்வாரிப் படகு விட வேண்டும் என்ற கோரிக்கை அவ்வப்போது எழுகிறது. படகு வேண்டும் என்று யாராவது வந்தால் தயங்காமல் எடுத்துச் செய்யுங்கள் என்பேன். ஆனால் ஒன்று. வெறும் உடலை மட்டும் நீங்கள் கட்டிக் கொடுங்கள், உள்ளே தளமும் அறையும் இருக்கையும் நாங்கள் பிறகு பார்த்துக்கொள்கிறோம் என்று சொல்பவரிடம் ஒப்புக்கொள்ளாதீர்கள். படகில் ஏறுகிற ஒவ்வொரு கிலோவும் எந்த உயரத்தில் உட்காருகிறது என்ற கணக்கு முதல் தகட்டிலிருந்து கடைசி நாற்காலி வரை ஒரே கையில் இருந்தாக வேண்டும். அந்தக் கை உங்களுடையதாக இருக்கட்டும் என்று கேட்கவே எழுதுகிறேன்.

கால்வாயின் கதை உங்களில் பலருக்குத் தெரிந்ததே. 1860-இல், திருவிதாங்கூர் மன்னர் உத்திரம் திருநாள் மார்த்தாண்ட வர்மா காலத்தில் தொடங்கிய வேலை அது. பத்மநாப சுவாமிக்காக அனந்த, இங்கிலாந்து அரசிக்காக விக்டோரியா, மன்னருக்காக மார்த்தாண்டன் என்று மூன்றையும் சேர்த்துப் பெயர் வைத்தார்கள். திருவனந்தபுரத்திலிருந்து கன்னியாகுமரி வரை ஆளும் சரக்கும் படகிலேயே போக வேண்டும் என்பது திட்டம். பூவாற்றிலிருந்து தேங்காய்ப்பட்டணம் பக்கமாகவும், குளச்சலுக்கும் மண்டைக்காட்டுக்கும் இடையிலும் துண்டு துண்டாகத் தோண்டினார்கள். கன்னியாகுமரியை அது எட்டவே இல்லை. எட்டியிருந்தால் மணக்குடிப் பொழிமுகத்தில் பழையாற்றைத் தொட்டிருக்கும், அதாவது எங்கள் ஊரை ஒட்டி ஓடுகிற அதே ஆற்றை. மிஞ்சியிருக்கும் துண்டுகள் மணல் தூர்ந்தும், கரை ஆக்கிரமிக்கப்பட்டும், கதம்பை அழுகப் போடும் குட்டைகளாகியும் கிடக்கின்றன. சட்டத்தில் எண் கிடைத்ததுகூடச் சுமார் 11 கிலோமீட்டருக்குத்தான். இதைச் சொல்லும்போதே இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். படகு என்ற பேச்சு எடுத்ததும் சுசீந்திரம் குளத்தைக் கைகாட்டுகிறவர்கள் உண்டு. சுசீந்திரம்–தேரூர் ஈரநிலம் பறவைகளுக்கானது; 2022-இல் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. வலசை வரும் பறவைகள் இறங்கித் தங்குகிற ஆழமற்ற நீரில் எவ்வளவு நல்ல மோட்டார் படகுக்கும் வேலை இல்லை. அந்த ஆர்டர் வந்தால் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். நமக்கு அடுத்த வீடான கேரளத்து நீர்வழிகளில் நூறாண்டுகளாக நடந்த பெரிய படகு விபத்துகளை எடுத்துப் பாருங்கள். 1924 ஜனவரி 16-ஆம் நாள் கொல்லம்–ஆலப்புழை நீர்வழியில் பல்லனைக்கு அருகே ரிடீமர் என்ற படகு கவிழ்ந்தது. மலையாளத்தின் மகாகவி குமாரன் ஆசான் அதில் இறந்தார். படகில் அளவுக்கு மேல் ஆள் இருந்தார்கள். 2002 ஜூலை 27-ஆம் நாள் முகம்மாவிலிருந்து குமரகம் போன அரசுப் படகு வேம்பநாட்டுக் காயலில் மூழ்கி 29 பேர் போனார்கள். அரசுத் தேர்வு எழுதப் போன இளைஞர்கள் பலர் அதில் இருந்தார்கள். அங்கும் கூட்டம் அளவு மீறியிருந்தது. 2009 செப்டம்பர் 30-ஆம் நாள் தேக்கடியில் ஜலகன்யகா கவிழ்ந்து 45 உயிர் போயிற்று. நீரில் இறக்கிச் சில வாரங்களே ஆகியிருந்த, இரண்டு தளம் கொண்ட ஃபைபர் படகு அது. காட்டு விலங்கைப் பார்க்கப் பயணிகள் ஒரு பக்கமாக நகர்ந்ததும் சாய்ந்தது. 2023 மே 7-ஆம் நாள் மலப்புறம் மாவட்டம் தானூரில் 22 பேர் இறந்தார்கள். மீன்பிடிப் படகு ஒன்றைச் சுற்றுலாப் படகாக மாற்றி, மேலே தளம் கட்டி, அளவுக்கு மீறி ஆளேற்றியிருந்தார்கள். இவற்றில் எதுவும் நடுக்கடலில், புயலில் நடந்ததல்ல. உள்நாட்டு நீரில், கரைக்கு அதிகத் தொலைவில்லாத இடத்தில் நடந்தவை. தேக்கடியிலும் தானூரிலும் எடை மேலே போய் உட்கார்ந்துவிட்டது. ஆள் அசைந்ததும் படகு திரும்பி எழ முடியவில்லை. நாலிலும் ஆள் எண்ணிக்கையின் தவறு உண்டு, ஓட்டியவரின் தவறும் கண்காணிக்க வேண்டியவர்களின் தவறும் உண்டு. ஆனால் கூட்டம் ஏறும் என்பதும் ஒரு பக்கம் சாயும் என்பதும் படகு கட்டும்போதே தெரிந்த சங்கதிகள். அதைத் தாங்குமாறு கட்டுவது பட்டறையின் பொறுப்பில் வருகிறது.

எவ்வளவு தாங்கும் என்பதை ஒரு தாளில் போட்டுப் பார்த்துவிடலாம். 12 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், பெட்டி போன்ற தட்டையான அடி, நீருக்குள் 40 சென்டிமீட்டர் இறங்கி நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆளோடு சேர்த்து மொத்த எடை 14.4 டன். எடை மையம் அடித்தகட்டிலிருந்து 80 சென்டிமீட்டர் உயரத்தில் இருந்தால், தலைக்கு 75 கிலோ வீதம் 30 பேர் ஒரே நேரத்தில் ஒரு மீட்டர் பக்கவாட்டில் நகரும்போது படகு 7 பாகை சாயும். விளிம்பு 18 சென்டிமீட்டர் தாழும். பயணி கொஞ்சம் பதறுவார், அவ்வளவுதான். இப்போது அதே படகில் மேல்தளம் வையுங்கள். தளம், தூண், கைப்பிடி, கூரை எல்லாம் ஒரு டன். படகு அதிகம் இறங்கிவிடக் கூடாதென்று அடிப்பாரத்தில் ஒரு டன்னை எடுத்து வெளியே போடுகிறார்கள். நடைமுறையில் இதுதான் நடக்கும். அந்த 30 பேரும் மேலே ஏறி ஒரு பக்கம் நகர்ந்தால் சாய்வு 12 பாகையை நெருங்கும், விளிம்பு 31 சென்டிமீட்டர் தாழும். திருவிழா நாள் என்று இன்னும் 15 பேரை ஏற்றினால் கணக்கு 24 பாகைக்குத் தாவுகிறது. விளிம்பு ஏறக்குறைய 70 சென்டிமீட்டர் இறங்க வேண்டும். நீர்மட்டத்துக்கு மேல் அவ்வளவு உயரம் சுவர் இல்லாவிட்டால் தண்ணீர் உள்ளே வந்துவிடும், அதன் பிறகு எந்தச் சூத்திரமும் செல்லாது. ஆள் எண்ணிக்கை ஒன்றரை மடங்கானபோது சாய்வு இரு மடங்காகிவிட்டதைக் கவனியுங்கள். ஓட்டுநர்கள் ஏமாறுகிற இடம் இதுதான். நேற்று 30 பேரோடு ஆடாமல் போயிற்று, இன்று இன்னும் பத்துப் பதினைந்து பேர் ஏறினால் என்ன ஆகிவிடும் என்று கேட்பவர் இந்தத் தாவலைப் பார்க்காதவர்.

படகைக் காப்பாற்றுகிற இன்னொரு பொருள் அகலம். நீரில் நிமிரும் வலிமையில் அகலம் தருகிற பங்கு அகலத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுகிறது. மேலே சொன்ன படகை 3 மீட்டரிலிருந்து 2.1 மீட்டராக, அதாவது முப்பது சதவீதம் ஒடுக்கினால் அந்தப் பங்கு பாதிக்கும் கீழே போய்விடும். சுசீந்திரம் தெப்பக்குளத்தில் தெப்பம் ஓடுவதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. மேலே அத்தனை உயரத்துக்கு அலங்காரம் எழும்பி நிற்கும். ஆனாலும் அடியில் விரிந்த மேடையும், கயிற்றால் மெல்ல இழுப்பதும் அதை நிறுத்திவைக்கின்றன. வைக்கத்துக்கும் தவணக்கடவுக்கும் இடையே 2017 முதல் ஓடுகிற ஆதித்யா என்ற சூரிய ஒளிப் படகும் இதே வழியில்தான் நிற்கிறது: 75 பேருக்கு 20 மீட்டர் நீளம், 7 மீட்டர் அகலம், இரட்டை உடல். இங்கிலாந்தின் பழைய கால்வாய்களில் ஓடும் எஃகுப் படகுகள் மட்டும் இரண்டு மீட்டருக்குச் சற்று மேலான அகலத்தோடு ஒல்லியாக இருக்கும். அங்கே மதகுப் பூட்டுகளின் அகலமே ஏழடி, வேறு வழியில்லை. அதை அவர்கள் வேறு விதத்தில் ஈடுகட்டுகிறார்கள்: அடித்தகடு 10 மில்லிமீட்டர், பக்கம் 6, கூரை 4. கனம் கீழே, மெலிவு மேலே. தளத்துக்கு அடியில் கல்லும் காங்கிரீட் பலகையும் அடுக்குவார்கள். இரண்டாம் தளம் என்ற பேச்சே கிடையாது. அங்கே வெறும் உடலைப் பட்டறையில் வாங்கி, உள்வேலையைத் தானே செய்துகொள்கிறவர்கள் ஏராளம் என்பதும் உண்மைதான். அங்கே அது பெரும்பாலும் ஒரு குடும்பம் வாழ்கிற படகு. நாற்பது பேருக்குச் சீட்டுக் கிழிக்கிற படகு அல்ல.

வேலையின் நுணுக்கத்துக்கு வருவோம். 6 மில்லிமீட்டர் தகடு சதுர மீட்டருக்கு 47 கிலோ. நம் 12 மீட்டர் படகின் அடிக்கு 36 சதுர மீட்டர், பக்கங்களுக்கும் முன்பின் முகங்களுக்குமாக ஏறக்குறைய 30. ஆக, உடல் தகடு மட்டும் மூன்று டன்னுக்குக் கொஞ்சம் மேல். சட்டங்கள், குறுக்குத் தடுப்புகள் தனி. தகட்டை ஐ.எஸ். 2062 சான்றோடு வாங்குங்கள். கப்பல் தரமான ஐ.எஸ். 3039 கிடைத்தால் இன்னும் நல்லது. உடைத்த கப்பலின் பழைய தகடு மலிவாகக் கிடைக்கிறதே என்று போகாதீர்கள். ஒரே தகட்டில் ஓரிடம் ஆறும் இன்னோரிடம் நாலுமாகத் தேய்ந்திருக்கும். கேட்டுக்கும் கிரில்லுக்கும் போடுகிற 6013 ராடு உடலின் முக்கிய இணைப்புகளுக்குப் போதாது. 7018 வேண்டும், அதுவும் ஈரம் ஏறாமல் சூடாக்கி வைத்தது. நம் ஊர் ஐப்பசி மழையில் திறந்த பாக்கெட்டை மூலையில் போட்டுவைத்து மறுநாள் எடுத்து அடிப்பது, கேட்டில் தெரியாது, படகில் விரிசலாக வந்து நிற்கும். முழுவதையும் முதலில் புள்ளி வைத்துக் கட்டிவிட்டு, பிறகு இடம் ஒரு சாண், வலம் ஒரு சாண் என்று மாற்றி மாற்றி அடித்தால்தான் அடித்தகடு அலையாக எழும்பாது. இதெல்லாம் நீங்கள் அறிந்ததுதான். அறியாதவர் இருந்தால் சொல்லிவைக்க வேண்டியது ஒன்று: ஒழுகலைக் கண்டுபிடிக்கப் படகைத் தண்ணீரில் இறக்கிப் பார்க்க வேண்டியதில்லை. இணைப்பின் வெளிப்பக்கம் சுண்ணாம்பைக் குழைத்துப் பூசிக் காயவிட்டு, உள்பக்கம் மண்ணெண்ணெய் தடவுங்கள். ஊசித்துளை இருந்தாலும் சிறிது நேரத்தில் வெள்ளையில் எண்ணெய்க் கறை ஊறித் தெரியும். அந்த இடத்தை அரைத்தெடுத்து மறுபடி அடித்துவிட்டு, மறுபடி பூசிப் பாருங்கள்.

உள்வேலையில்தான் எடை திருட்டுத்தனமாக ஏறும். அதனால்தான் அதைப் பிறர் கையில் விடாதீர்கள் என்கிறேன். படகு முதலாளி விடுதி நடத்துகிறவராக இருப்பார். தரைக்கு டைல், சமையல் மேடைக்கு கிரானைட் என்று கேட்பார். 18 மில்லிமீட்டர் கிரானைட் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 48 கிலோ, கிட்டத்தட்ட உங்கள் அடித்தகட்டின் கனம். அதை இடுப்பு உயரத்தில் கொண்டுபோய் வைக்கிறோம். 18 மில்லிமீட்டர் மரைன் பிளைவுட் அதில் நாலில் ஒரு பங்குதான். கூரைமேல் ஆயிரம் லிட்டர் தண்ணீர்த் தொட்டி வைத்தால் குழாயில் நன்றாக வரும், ஆனால் தலைக்கு மேல் ஒரு டன். பாதி நிறைந்திருந்தால் இன்னும் மோசம். படகு எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கமே தண்ணீரும் ஓடிச் சேர்ந்துகொண்டு மேலும் அழுத்தும். தொட்டி தளத்துக்கு அடியில், குறுக்கே தடுப்பு வைத்ததாக இருக்க வேண்டும். நீரேற்றச் சின்ன பம்பு போதும். பேட்டரியும் அடியிலேயே. அடிப்பாரத்துக்கு காங்கிரீட்டை நேராக ஊற்றிவிடாதீர்கள், அதற்கடியில் தகடு துருப்பிடிப்பது யாருக்கும் தெரியாது. எடுத்துப் பார்க்கக்கூடிய கட்டிகளாக வார்த்து, தகட்டுக்கும் கட்டிக்கும் நடுவே காற்று போகுமாறு பட்டை வைத்து அடுக்கி, உருளாமல் பூட்டுங்கள். சமையல் வாயு காற்றைவிடக் கனமானது. வீட்டில் கசிந்தால் கதவு வழி வெளியேறும், படகில் கசிந்தால் அடியில் போய்த் தேங்கும், ஒரு பொறிக்காகக் காத்திருக்கும். சிலிண்டருக்கு உள்ளிருந்து முற்றிலும் பிரிந்த தனிப் பெட்டி, அதன் அடியிலிருந்து நேரே படகுக்கு வெளியே திறக்கும் துளை. மின்சாரத்துக்கு வண்டியில் செய்வதுபோல் உடலையே எர்த்தாக்கி ஒற்றை ஒயர் இழுப்பதும் கூடாது, போவதற்கும் வருவதற்கும் இரண்டு ஒயர். இல்லாவிட்டால் மின்னோட்டம் உடல் வழியாக நீருக்குள் கசிந்து தகட்டை அரித்துத் தின்னும்.

எல்லாம் முடிந்து படகை நீரில் இறக்கிய அன்று கணக்கு சரியா என்று பார்க்கவும் உங்களிடம் உள்ள சாமான்களே போதும். 25 கிலோ மணல் மூட்டை பன்னிரண்டு, ஒரு தூக்குக்குண்டு, ஒரு வாளி தண்ணீர், ஓர் அளவுகோல். கூரையிலிருந்து 2 மீட்டர் நூலில் குண்டைத் தொங்கவிட்டு, ஆடாமலிருக்கக் குண்டை வாளித் தண்ணீருக்குள் விடுங்கள். 300 கிலோ மூட்டையையும் ஒரு பக்கமிருந்து மறுபக்கம் 2 மீட்டர் நகர்த்துங்கள். ஆளில்லாத படகு 12 டன் என்றால், நூல் 8 சென்டிமீட்டர் அளவில் நகர்வது நல்ல செய்தி. 17 சென்டிமீட்டரை நெருங்கினால் நிமிரும் வலிமை பாதிதான் இருக்கிறது. ஏதோ எடை மேலே ஏறியிருக்கிறது. கப்பல் கட்டும் தளங்களில் செய்வதும் இதே சோதனைதான், அளவு பெரியது என்பது தவிர.

இந்தக் கரையில் எஃகா, உப்புக்காற்றில் கேட்டே பத்து வருஷம் நிற்பதில்லையே என்பீர்கள். நியாயமான கேள்வி. காப்பில்லாத எஃகு கடல்நீரில் ஆண்டுக்குச் சுமார் 0.1 மில்லிமீட்டர் வீதம் தேய்கிறது. குழி விழுகிற இடங்களில் அதைவிட வேகமாக. 6 மில்லிமீட்டர் தகடு 4-க்கு வந்தால் மாற்ற வேண்டும் என்பது பொதுவாகப் பின்பற்றும் எல்லை. காப்பே இல்லாமல் விட்டாலும் சீரான தேய்வில் இருபது ஆண்டு. காப்போடு அதன் பல மடங்கு. ஆனால் எங்கள் கால்வாயில் ஒரு தனிச் சிக்கல் உண்டு என்று தேங்காய்ப்பட்டணத்துக்காரர் சொல்வார், அவர் சொல்வது சரி. கதம்பை அழுகும் நீரில் முட்டை நாற்றத்தோடு ஒரு வாயு கிளம்புகிறதே, அதை உண்டாக்குகிற சேற்று நுண்ணுயிர்கள் எஃகையும் குழிகுழியாக அரிக்கும். அதனால் தகட்டின் மேலிருக்கும் கருநீலத் தோலை மணல் வீசி முழுக்க நீக்கிய பிறகே எபாக்சி பூச வேண்டும். கம்பித் தூரிகையால் தேய்த்துவிட்டு ரெட் ஆக்சைடு அடிக்கும் பழக்கத்தைப் படகில் மறந்துவிடுங்கள். தகட்டுக்குப் பதிலாகத் தாம் அரிபடும் தியாகக் கட்டிகளாக மெக்னீசியம் நன்னீருக்கு, துத்தநாகம் கடலுக்கு. பொழி திறந்தால் உப்பும் மூடினால் நன்னீருமாக மாறுகிற நம் தண்ணீருக்கு அலுமினியக் கட்டியே பொருந்தும். இரண்டு ஆண்டுக்கொரு முறையாவது கரையேற்றிச் சுரண்டிப் பூச வேண்டும். கன்னியாகுமரியில் விவேகானந்தர் பாறைக்குப் போகும் பூம்புகார் கப்பல் போக்குவரத்துக் கழகத்தின் படகுகளைச் சின்னமுட்டத்தில் கரையேற்றிப் பழுதுபார்ப்பது நீங்கள் பார்த்ததுதான். அந்தச் செலவைப் படகு முதலாளியிடம் முதல் நாளே எழுதிக் கொடுங்கள். பராமரிக்க மனமில்லாதவருக்கு எஃகுப் படகு ஏற்றதல்ல என்பதை நான் மறுக்கவில்லை.

அப்படியானால் ஃபைபரே மலிவு, இலகு, துருப்பிடிக்காது, நம் கடற்கரை முழுக்க வள்ளங்கள் ஃபைபரில்தானே ஓடுகின்றன என்பது அடுத்த கேள்வி. அலையில் ஏறி இறங்கும் வள்ளத்துக்கு இலகு வேண்டும். அங்கே ஃபைபர் தன் தகுதியை நிரூபித்துவிட்டது. நின்ற நீரில் மெல்ல ஊர்ந்து போகும் பயணிகள் படகுக்கு அடியில் கனம் வேண்டும். எஃகில் அந்தக் கனம் உடலிலேயே வந்துவிடுகிறது, பாலத்தின் கல்லில் உரசினால் கீறலோடு போகிறது, ஓட்டை விழுந்தால் அடுத்த ஊர் வெல்டர் அடைத்துவிடுவார், ஆயுள் முடிந்தால் கிலோ விலைக்குப் போகும். பழைய ஃபைபர் உடலை வாங்க ஆளில்லை. கரையில் கிடந்தே நொறுங்கும். மரத்தைச் சொல்பவர்களோடு எனக்கு மனத்தாங்கல் இல்லை. கயிற்றால் தைத்த கெட்டுவள்ளம் இந்தக் கரையின் பெரிய அறிவு. ஆனால் அத்தனை பெரிய அயினிப் பலகைக்கு எங்கே போவது? உள்ளே இருக்கைக்கும் சன்னல் சட்டத்துக்கும் அயினி போடுங்கள், தச்சருக்கும் வேலை ஆகும்.

மேல்தளம் வேண்டாம் என்றால் வாடிக்கையாளர் வேறு பட்டறைக்குப் போய்விடுவார் என்ற அச்சம் எல்லாவற்றையும்விட உண்மையானது. பூவாற்றிலும் ஆலப்புழையிலும் மேலே நின்று படம் எடுக்கிற பயணியைப் பார்த்துவிட்டு வருகிற முதலாளிக்கு ஒற்றைத்தளம் பிடிக்காது. இதனால்தான் தனித்தனியாக இல்லாமல் உங்கள் எல்லோருக்கும் சேர்த்து எழுதுகிறேன். மாவட்டத்தில் நாலு பட்டறை ஒன்றாக நின்று, 3 மீட்டரோ அதற்குக் குறைவோ அகலமுள்ள படகில் இரண்டாம் தளம் கட்டுவதில்லை என்று முடிவெடுத்தால் ஐந்தாவது பட்டறைக்கும் அது வழக்கமாகிவிடும். சட்டமும் இப்போது உங்கள் பக்கம்: 2021-ஆம் ஆண்டின் உள்நாட்டுக் கலங்கள் சட்டப்படி எந்திரப் படகுக்கு ஆய்வுச் சான்றும் பதிவும் காப்பீடும் வேண்டும். நிலைப்புக் கணக்கு போடத் தெரிந்த பொறியாளருக்குக் கட்டணம் யார் கொடுப்பது என்று கேட்கலாம். கொச்சி அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்திலும் சென்னை ஐ.ஐ.டி.யிலும் இந்தப் படிப்பு படித்தவர்கள் இருக்கிறார்கள். ஒரு வரைபடத்தை வாங்கி அதே அளவில் பல படகு கட்டினால் படகுக்கு விழும் பங்கு சிறிது. கணக்கு எதற்கு, கைத்திறன் போதாதா என்றால் வங்கதேசத்தைப் பாருங்கள்: அங்கே ஆற்றங்கரைப் பட்டறைகள் எஃகு லாஞ்சுகளைக் கட்டிக் குவித்தன, கைத்திறனுக்குக் குறைவில்லை. 2014 ஆகஸ்டில் பத்மா ஆற்றில் பினாக்-6 அளவு மீறிய கூட்டத்தோடு மூழ்கியதுபோல அங்கே லாஞ்சுகள் மறுபடி மறுபடி மூழ்குகின்றன. பற்றவைப்பு விட்டுப்போய் மூழ்கியவை அல்ல அவை.

கால்வாயே தூர்ந்து கிடக்கிறது, படகுக்கு இப்போது என்ன அவசரம் என்று சிலர் இந்த மடலை மடித்து வைக்கலாம். அவசரம் இல்லை என்பதே நல்ல வாய்ப்பு. தூர்வாரிய பிறகு யோசித்தால் எங்கிருந்தோ ஒரு பழைய படகைக் கொண்டுவந்து, மேலே தகரம் போட்டு, பெயின்ட் அடித்து இறக்கிவிடுவார்கள். இப்போதே செய்யக்கூடியது சின்ன வேலை. கால்வாயின் மேலுள்ள ஒவ்வொரு பாலத்துக்கும் போய், மழைக்கால நீர்மட்டத்திலிருந்து அடிவளைவு வரை எத்தனை சென்டிமீட்டர் என்று அளந்துவையுங்கள். பங்குனி–சித்திரையில் தண்ணீர் வற்றிக் கிடக்கும்போது எந்தெந்த இடத்தில் எவ்வளவு ஆழம் என்று மூங்கில் குத்திப் பாருங்கள். முதல் எண் படகின் உயரத்தைச் சொல்லும், இரண்டாவது எண் அது எவ்வளவு கனக்கலாம் என்பதைச் சொல்லும். யார் வந்து கேட்டாலும், அந்த இரண்டு எண்ணையும் எழுதிய எஸ்டிமேட் தாளில் கையெழுத்து வாங்கிய பிறகே தகட்டுக்கு முன்பணம் வாங்குங்கள்.

அன்புடன்,
சுசீந்திரத்திலிருந்து